சிவப்பு ஜிலேபி

அருண்பிரசாத் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேங்கிக்கால் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவான். மற்ற நாட்களில் செங்கம் சாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கிரிவலம் சுற்றிக் கால் வீங்கிப் போனவர்கள், கண்ட இடத்தில் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போன வெள்ளைக்காரர்கள், சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வரும் கடைக்காரர்கள், எல்லோருடைய கையிலும் நரம்பு தேடி ஊசி குத்துவான். வலிக்காமல் குத்துகிறவன் என்று ஊரில் அவனுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரை அவன் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மீன்காரன் என்று யாராவது சொன்னால்தான் முகம் மலரும்.

போன ஆடியில் தொடங்கிய பழக்கம் இது. விடிந்ததும் தூண்டிலைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினால், வெயில் ஏறுகிற நேரத்துக்கு மீனோடு திரும்புவான். ஒரு வாரம்கூட வெறுங்கையோடு வந்ததில்லை. வந்ததும் வாசலில் நின்று மீனைத் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ. அது நேராக மாமனார் வீட்டு வாட்ஸப் குழுவுக்குப் போகும். மாமனார் அப்பாதுரை கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவார். பெரிய மீனாக இருந்தால் இரண்டு கட்டைவிரல்.

அருண்பிரசாத்தின் மனைவி கவியாவுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. மீனைச் சுத்தம் செய்வது, குழம்பு வைப்பது, பிடித்த கதையைக் கேட்பது மூன்றும் அவள் பொறுப்பு. மூன்றில் கதை கேட்பதுதான் அதிக நேரம் பிடிக்கிற வேலை. மீன் எப்படி வந்தது, எப்படி இழுத்தது, எப்படி ஏமாற்றப் பார்த்தது என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

தை பிறந்து ஏரி நிறைந்திருந்த ஒரு வியாழக்கிழமை. ஆபீசை விட்டுக் கிளம்பிய கவியாவின் ஸ்கூட்டி ஏரிக்கரையில் பஞ்சரானது. பஞ்சர் கடைக்காரர் வந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். ஒட்டிக் கொண்டுவரும் வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். வெயில் சாய்ந்து, மலையின் நிழல் தண்ணீரில் விழுந்திருந்தது. கரையில் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் ஐம்பது வயதுப் பெண்மணி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்லின் மேல் குந்தியிருந்தார். காலையில் இட்லிக் கடை, சாயங்காலத்தில் தூண்டில். பெயர் ரேணுகாம்பாள். இன்னொருவர் ஆட்டோக்காரர் திருமலை. ஆட்டோவை மேட்டில் நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையோடே வந்திருந்தார்.

கவியா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரேணுகாம்பாளின் தக்கை தண்ணீருக்குள் மூழ்கியது. அவர் அவசரப்படவில்லை. மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி மீன் துள்ளிக்கொண்டு கரையில் வந்து விழுந்தது.

"நல்ல சைஸுங்க்கா" என்றாள் கவியா.

"இது இன்னாம்மா சைசு. வெடிகாலையில வந்து பாரு. தட்டு மாதிரி வரும்."

கவியாவுக்கும் தனக்குக் கொஞ்சம் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசை வந்தது. "தெரியுங்க்கா. எங்க வீட்டுக்காரரும் இங்கதான் பிடிப்பாரு. ஞாயித்துக்கிழமை ஆனா வந்துடுவாரு."

"அப்பிடியா? யாரு?"

"ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு, நீலத் தொப்பி..."

ரேணுகாம்பாள் திருமலையைப் பார்த்தார். திருமலை தண்ணீரைப் பார்த்தார்.

"அட, நம்ம ஊசி சாரு" என்றார் ரேணுகாம்பாள். குரல் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தது.

"அவரேதான். போன வாரம் பாத்தீங்களா? ஒரு விரால். இவ்ளோ நீளம். ரெண்டு தடவ தூண்டில் நரம்ப அறுக்கப் பாத்துச்சாம். மூணாவது தடவ முட்டி வரைக்கும் தண்ணியில எறங்கிக் கையாலயே அமுக்கிட்டேன்னாரு. செவுள்ல பச்சைக் கயிறு கட்டி..."

"முட்டி வரைக்கும் எறங்கினது நானு!" என்றார் திருமலை. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டார். ஆனால் அந்தப் பச்சைக் கயிற்றின் மிச்சம் ஆட்டோவின் கைப்பிடியில் எல்லோரும் பார்க்கும்படி தொங்கிக்கொண்டிருந்தது.

பிடிபட்ட ஜிலேபி வாளிக்குள் வாலை அடித்தது.

"அந்த விரால் உங்களுதா?" என்று கேட்டாள் கவியா.

"ஆமா மேடம்."

"அதுக்கு முந்தின வாரம் கெண்டை?"

"அது என்னுது" என்றார் ரேணுகாம்பாள். "தீவாளிக்கு முந்தி வந்த கெளுத்தியும் என்னுதுதான். மறைக்க இன்னா கீது? சாரு வாங்கிக்கினு போவாரு. நாங்களும் குடுப்போம்."

கவியாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆடியிலிருந்து எத்தனை கதைகளைக் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்! கெளுத்தி முள் குத்தியதாகச் சொன்ன விரலுக்கு அவளே மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறாள். மஞ்சள் போட்டதும் 'ஸ்ஸ்' என்று இழுத்தானே, அது என்ன நடிப்பு! நினைக்க நினைக்கக் கோபம் எங்கேயோ வழுக்கிப் போய், சிரிப்பு வந்துவிட்டது. தனியாகச் சிரிக்க ஆரம்பித்தவளைப் பார்த்துத் திருமலையும் தைரியமாகச் சிரித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்: "ஏங்க, அந்த விரால் கதைய இன்னொரு தடவ சொல்லுங்களேன்."

அருண்பிரசாத்துக்கு இரண்டு முறை கேட்கவேண்டியதில்லை. எழுந்து நின்றே சொன்னான். இந்தத் தடவை விரால் நான்கு முறை நரம்பை அறுக்கப் பார்த்தது. தண்ணீர் இடுப்பு வரை வந்துவிட்டது.

"அடடா" என்றாள் கவியா. "பேன்ட் மட்டும் நனையவே இல்லயே, எப்பிடிங்க?"

"வெயில்ல காஞ்சிடுச்சி" என்றான், கொஞ்சமும் தயங்காமல்.

அவள் தலையை ஆட்டினாள். "சரி, இந்த ஞாயித்துக்கிழமை அப்பாவச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். நல்லதா பிடிச்சிக்கினு வாங்க. மாமனார் மானம் உங்க தூண்டில்ல இருக்கு."

மறுநாளே ரேணுகாம்பாளின் இட்லிக் கடைக்குப் போய்த் தன் யோசனையைச் சொன்னாள். ரேணுகாம்பாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் கொஞ்சம் மாறியது.

"பாவம்மா சாரு. அவரு வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அவரு வந்து?"

"ஒண்ணுமில்ல. அத நீயே அவராண்ட கேட்டுக்கோ. புருசன் பொஞ்சாதி விசயம்."

சனிக்கிழமை சாயங்காலம் கவியா ஊருக்குள் போய், ஐஸில் வைத்திருந்த கடல் மீன்களில் நல்ல சங்கரா மீன் இரண்டைத் தேர்ந்தெடுத்தாள். ரோஜாப்பூ நிறத்தில் இருக்கும் மீன். கடலுக்கும் வேங்கிக்கால் ஏரிக்கும் நடுவில் மூன்று மணி நேர பஸ் பயணம் இருக்கிறது. அருண்பிரசாத் பிறந்து வளர்ந்த வீட்டிலோ கோழியும் ஆடும்தான். மீன் என்றால் தட்டில் வறுவலாக வரும், அதற்கு முன் அது என்ன நிறத்தில் இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. சங்கரா இரண்டும் தெர்மாகோல் பெட்டியில் ரேணுகாம்பாளின் கடைக்குப் போய்ச் சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை. கவியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது திருமலை போன் செய்தார். சிரிப்பை அடக்க முடியாமல் பாதிப் பேச்சு மூச்சாகவே வந்தது.

"மேடம், குடுத்தாச்சு. செவப்பு ஜிலேபி சார், அபூர்வமா மாட்டும், உங்க அதிர்ஷ்டம்னேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஏன் திருமலை இவ்ளோ ஜில்லுனு கீதுன்னு கேட்டாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஏரி அடியில தண்ணி ஜாஸ்தி ஜில்லுனு இருக்கும் சார்னேன். ஆமாமா, சயின்ஸ்படி கரெக்ட்டுன்னுட்டாரு."

கொஞ்ச நேரத்தில் பைக் சத்தம் கேட்டது. அருண்பிரசாத் வாசலில் நின்று இரண்டு மீன்களையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"செவப்பு ஜிலேபி, கவியா! ரொம்ப ரேர். ஆழத்துல இருக்கும். லேசுல மேல வராது."

"நீங்க எப்பிடி வரவழைச்சீங்க?"

"பொறுமைதான். ரெண்டு மணி நேரம் கண்ண எடுக்காம உக்காந்திருந்தேன். ஒண்ணு மாட்டுச்சி. அதத் தேடிக்கினு ஜோடி வந்துச்சி. அதயும் போட்டுட்டேன்."

"ஐயோ, ஜோடியவா பிரிச்சீங்க?"

"பிரிக்கல. அதான் ரெண்டையும் சேத்துக் கொண்டாந்துட்டேனே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக் கொடுத்தாள். குழுவில் போட்டதும் வழக்கமாக உடனே வரும் கட்டைவிரல் வரவில்லை. பதிலுக்கு அப்பாதுரை 'கிளம்பிட்டேன்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அப்பாதுரை பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரி ரூட்டிலேயே பாதி வாழ்க்கை ஓடியது. அந்தக் காலத்தில் டிரிப் முடிந்து வீட்டுக்கு வரும்போது அவர் பையில் கடல் மீன் இல்லாத வாரம் கிடையாது. கவியா அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டிய தேவை இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பாதுரை முதல் துண்டை எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடி மென்றார். மறுபடி ஒரு துண்டு எடுத்தார்.

"பிரமாதம் மாப்ள. இத எங்க புடிச்சீங்கன்னீங்க?"

"நம்ம வேங்கிக்கால் ஏரிதான் மாமா. கலெக்டர் ஆபீசு பக்கமா இருக்கற கரை."

"அப்பிடியா." அவர் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "ஏரித் தண்ணி உப்புக் கரிக்குதா மாப்ள?"

"இல்லையே மாமா. ஏன்?"

"இல்ல, இந்தச் சங்கரா மீனு பாண்டிச்சேரியிலருந்து இவ்ளோ தூரம் நீந்தி வந்துக்கீது. அது பாட்டுக்குக் கடல்ல இருந்த மீனு. உங்களப் பாக்கணும்னு ஆசப்பட்டு ஜோடியா பஸ் ஏறி வந்துச்சா, இல்ல விழுப்புரத்துல மாறி வந்துச்சான்னு ஒரு சந்தேகம். நானும் கண்டக்டரா இருந்தவன் பாருங்க. டிக்கெட் எடுத்துச்சான்னு கேக்கத் தோணுது."

கவியாவால் அதற்கு மேல் முடியவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாதுரைக்குச் சிரிப்பில் புரையேறியது. அருண்பிரசாத் மாமனாரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், தட்டில் இருந்த மீனைப் பார்த்தான். காது இரண்டும் சங்கரா நிறத்துக்குச் சிவந்தன.

"உனக்குத் தெரியுமா?" என்று கவியாவிடம் கேட்டான்.

"வாங்கிக் குடுத்ததே நான்தானே."

அவன் எழுந்து போய்விடுவானோ என்று அவளுக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. போகவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, தட்டைப் பார்த்தே சொன்னான்: "சரி. மீனெல்லாம் வாங்கினதுதான். ஆனா நான் பிடிக்கலன்னு நெனச்சிக்காதீங்க. பிடிப்பேன். நல்லாவே பிடிப்பேன். பிடிச்சி உட்டுடுவேன்."

முன்னைவிடப் பெரிதாகச் சிரிப்பு வெடித்தது.

"மாப்ள, அந்தப் பொய்ய விட்டுட்டு இதப் புடிச்சிட்டீங்களே!" என்றார் அப்பாதுரை.

"நிஜமா மாமா."

"நிஜந்தான், நிஜந்தான். கவியா, மாப்ளைக்கு இன்னொரு துண்டு போடும்மா. இதயும் விட்டுடப் போறாரு."

சாயங்காலம் அப்பாதுரை கிளம்பிப் போன பிறகும் அருண்பிரசாத் அதிகம் பேசவில்லை. கோபமாக இருப்பதாகவும் தெரியவில்லை. எத்தனையோ பொய்யை நம்பியவர்கள் உண்மையை மட்டும் நம்பவில்லையே என்ற வருத்தம் மாதிரி இருந்தது. கவியாவுக்கு ரேணுகாம்பாள் பாதியில் நிறுத்திய பேச்சு நினைவுக்கு வந்தது. "அடுத்த வாரம் நானும் வரேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஏரிக்கு வந்தபோது பனி முழுதாக விலகவில்லை. மலை உச்சி தெரியவில்லை. ரேணுகாம்பாள் அவளுக்கு உட்கார ஒரு சாக்கு விரித்துப் போட்டார். திருமலை அருண்பிரசாத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டுக்கொண்டு ஆட்டோவைத் துடைத்தபடி நின்றார்.

"பரவால்ல வாய்யா" என்றான் அருண்பிரசாத். "செவப்பு ஜிலேபி ருசியாத்தான் இருந்துச்சி."

அவன் கோதுமை மாவை உருட்டி முள்ளில் வைத்துத் தண்ணீரில் வீசினான். வீசியதில் ஒரு பழக்கம் தெரிந்தது. ரேணுகாம்பாளின் தக்கை சும்மா மிதந்தது. திருமலையின் தக்கையும் அப்படியே. சூரியன் பனியைக் கிழித்துக்கொண்டு வந்த சமயம் அருண்பிரசாத்தின் தக்கை ஒரு துடி துடித்து உள்ளே போனது. அவன் நிதானமாக இழுத்தான். தட்டு மாதிரி ஒரு ஜிலேபி. கவியா இதுவரை வீட்டில் சமைத்த எதையும்விடப் பெரியது.

அவள் சாக்கிலிருந்து எழுந்தே விட்டாள்.

"பாத்தியா கண்ணு" என்றார் ரேணுகாம்பாள். "ராசிக் கை. எங்க ரெண்டு பேருக்கும் மாட்டாத நாளுல கூட இவருக்கு மாட்டும்."

அருண்பிரசாத் கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன இடுக்கி எடுத்தான். தூண்டில் முள்ளின் முனையில், மீன் நழுவாமல் இருக்க ஒரு எதிர்முள் இருக்கும். அவன் முள்ளில் அது இல்லை. அரத்தால் ராவி எடுத்திருந்தான். இடுக்கியால் லேசாகத் திருப்பியதும் முள் வந்துவிட்டது. மீனைத் தண்ணீருக்குள் வைத்து, அது தானாக வாலை ஆட்டும் வரை பிடித்திருந்து, கையை விரித்தான். மீன் போய்விட்டது.

திருமலை தலையில் கை வைத்துக்கொண்டார். "பாத்தீங்களா மேடம்? வாரா வாரம் இதே அநியாயம். என் வாளியிலயாவது போடுங்க சார்னா கேக்க மாட்டாரு. ஒருநாளு இன்னா ஆச்சு தெரியுமா? இவரு உட்ட மீனு பக்கத்துல வந்து எனக்கு மாட்டுச்சி. உதட்டுல ஏற்கெனவே ஓட்டை. அதயே இவருக்கு வித்துட்டேன். ஒரே மீன ரெண்டு பேரும் புடிச்சி, அவரே துட்டு குடுத்து வாங்கிக்கினு போனாரு!"

"அது எனக்குத் தெரியாதே" என்றான் அருண்பிரசாத், திகைத்துப்போய்.

"சொன்னா வாங்குவீங்களா? மறுபடியும் ஏரியிலதான் உடுவீங்க."

ரேணுகாம்பாள் விழுந்து விழுந்து சிரித்தார். கவியாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கணவனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இத ஏன் சொல்லல? இதுல மறைக்க என்ன இருக்கு?"

"மொத நாளு கிளம்பறப்ப நீ என்ன சொன்ன? வெறுங்கையோட வந்தா கதவத் தொறக்க மாட்டேன்னியே."

"வெளையாட்டுக்குச் சொன்னேன்!"

"எனக்கு எப்பிடித் தெரியும்? அப்ப கல்யாணம் ஆகி ஒரு மாசம்தான் ஆயிருந்துச்சி."

அவள் அவன் முழங்கையில் கிள்ளினாள். "அது சரி. ஏன் விடறீங்க? குழம்பு வச்சா மட்டும் ரெண்டு தட்டு சாப்பிடறீங்களே."

அவன் மாவை உருட்டிக்கொண்டே யோசித்தான். "தெனம் எத்தன பேருக்கு ஊசி குத்தறேன். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்குவாங்க. கண்ண மூடிக்குவாங்க. மீனுக்கு மூட எமையே இல்ல கவியா. கையில இருக்கறப்ப அது பாட்டுக்கு நம்மளயே பாக்குது. அப்ப என்னால முடியல. வாளியில கெடந்து அடங்கினப்புறம் அது வேற. அது குழம்பு மீனு."

"அப்ப எங்கள மட்டும் அது பாக்காதா?" என்றார் ரேணுகாம்பாள்.

"உங்களப் பாத்தா அதுக்கே பயம்ங்க்கா. கண்ணத் திருப்பிக்கும்."

"வாய் கொழுப்பப் பாரு ஊசிக்காரருக்கு" என்று அவர் ஒரு மாவு உருண்டையை எடுத்து அவன் மேல் எறிந்தார்.

கவியாவின் போன் அடித்தது. அப்பாதுரை.

"இன்னாம்மா, மாப்ள ஏரியில இன்னைக்கு இன்னா? வஞ்சிரமா, நண்டா?"

"ஜிலேபிப்பா. பெருசு. தட்டு அகலம். நான் என் கண்ணால பாத்தேன்."

"எங்க, ஒரு போட்டோ அனுப்பு."

"போட்டோ இல்லப்பா. விட்டுட்டாரு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"ஏம்மா, நீயுமா?"

"அப்பா, சத்தியமா. தண்ணியில வச்சி, அது வால ஆட்டற வரைக்கும் பிடிச்சிருந்து..."

"சரி சரி. நான் நம்பிட்டேன். உங்கம்மாகிட்ட சொல்லாத, அவ நம்ப மாட்டா." போனை வைத்துவிட்டார்.

அருண்பிரசாத் ஆர்வமாக அவள் முகத்தைப் பார்த்தான். "என்ன சொன்னாரு மாமா?"

"நம்பிட்டாராம்."

அவன் மனம் நிறைந்து தண்ணீர் பக்கம் திரும்பிக்கொண்டான். கவியா தூண்டிலைத் தன் கையில் வாங்கினாள். முதல் வீச்சில் முள் அவள் துப்பட்டாவிலேயே மாட்டிக்கொண்டது. இரண்டாவது வீச்சு பாசியில் விழுந்தது. மூன்றாவது தடவை திருமலை பாதுகாப்புக்காக ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.